கவிழ்த்து வைத்த பானை

ஜூலை 1, திங்கள்

பொடிசு, இந்த டைரி நீ கொடுத்தது. ஜனவரியில் உன் ஆபீசில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள் என்று கொண்டுவந்து என் மடியில் போட்டாய். போனில் நீ வரையும் படங்களை நான் பார்த்துச் சொல்வதை எழுதி வைக்க. மூன்றே மூன்று எழுதினால் போதும் என்றாய். என்ன பார்த்தாய், எதை அமுக்கினாய், என்ன ஆயிற்று. ஐந்தாவது படித்தவளுக்கு அதற்கு மேல் எழுத வராது என்று உனக்குத் தெரியும்.

ஒரு பக்கம்கூட நான் எழுதவில்லை. வாயால் சொன்னேன், நீ உன் நோட்டில் எழுதிக்கொண்டாய்.

நீ போய் இன்றைக்குப் பதினெட்டு நாள். ஆஸ்டலில் எழுபத்திரண்டு பேருக்குச் சமையல் செய்ய இன்று திரும்பப் போனேன். வார்டன் மேடம், "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கலாமே துளசிமணி" என்றார். வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது? சுவரையா?

ஆபீசில் சார்ஜரை மறந்துவிட்டாய், எடுத்துவரப் போனாய், சிக்னல் தாண்டி லாரி இடித்துவிட்டது. கேட்கிறவர்களிடம் எல்லாம் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு பெண்ணும் ஒன்றும் சொல்லவில்லை. இரக்கப்பட்டுச் சாப்பிட்டார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

போலீஸ் ஸ்டேஷனில் உன் பையைக் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். துளசிமணி என்று எழுதினேன், ணி கோணலாகிவிட்டது.

டிபன் டப்பா. குடை. சீப்பு. உன் சொந்தப் போன் தூளாகிவிட்டது, அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். இன்னொரு போன் இருந்தது. ஆபீஸ் போன், பின்னால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, சார்ஜ் போடும் ஓட்டை மட்டும் நசுங்கியிருக்கிறது.

அந்தப் போனில்தானே என்னிடம் படம் காட்டுவாய். நான் சொல்வதை அதிலேயே பதிவு செய்வாய். "பேசும்மா, ஓடுது" என்பாய். நான் பேசுவதும் நீ சிரிப்பதும் அதற்குள் இருக்கிறது. எனக்கு இருப்பது பட்டன் போன், அதில் உன் குரல் இல்லை. வேறு எங்கேயும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் தம்பி வயது இருக்கும். பின்பக்கத்தைக் கழற்றி ஒயர் வைத்து நேராக பேட்டரியில் சார்ஜ் ஏற்றினார். அரை மணி நேரம் கழித்து வெளிச்சம் வந்தது.

"ஏனுங்கக்கா, இதென்ன போன்? எங்கீங்க வாங்கினீங்க?"

"என்ற பிள்ளை கம்பெனியில கொடுத்ததுங்க."

"போன் கோளாறாச்சுன்னா ரிக்கவரின்னு ஒரு பக்கத்துல வந்து நின்னுக்கும். அது எல்லாப் போன்லயும் கறுப்பா, இங்கிலீஷ்ல நாலஞ்சு வரி இருக்கும். எனக்கு எழுத்தே வேண்டாம், எந்த வரி எந்த இடம்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். இதுல எழுத்தே இல்லையே. வீடு, துடைப்பம், பானை... கோலப் புத்தகமாட்ட இருக்குது."

அவருக்குச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

"இதுல ஒண்ணு அமுக்கினா போன் நல்லபடியா ஆன் ஆகும். இன்னொண்ணு அமுக்கினா உள்ள இருக்கற போட்டோ, குரல் அத்தனையும் அழிஞ்சிரும். எது எதுன்னு வரைஞ்சவங்களுக்குத்தான் தெரியும். அவங்களயே கேட்டுக்கங்க."

இடுப்புப் பையை அவிழ்த்துக் காசை எண்ணத் தொடங்கினேன். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. காசு வேண்டாம் என்றார். பின்னால் எதையோ உருவி அணைத்து, மூடிக் கொடுத்தார். "சார்ஜ் கம்மிதான் ஏறியிருக்குது. சார்ஜ் இல்லாதப்ப எதையும் அமுக்கிறாதீங்க, நடுவுல நின்னுச்சுன்னா எல்லாம் போயிரும். ஓட்டைக்குப் பார்ட்ஸ் திங்கக்கிழமைக்கு மேலதான் வரும்."

ஜூலை 6, சனி

ஃபர்ஹானா வந்தாள். உன் பக்கத்து சீட்டுக்காரி. ஆப்பிள் வாங்கி வந்தாள், நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி. உட்கார்ந்ததும் அழுதாள். நான் காபி போடப் போய்விட்டேன்.

உன் வேலை என்னவென்று அவள் சொல்லித்தான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. போன் செத்துவிட்டது என்று பயந்து நிற்கும்போது வருகிற பக்கமாம் அது. அதில் முன்னால் வயிறு திறந்து மல்லாந்து கிடக்கிற பொம்மையும் சிவப்பு முக்கோணமும்தான் இருக்குமாம். கம்பெனியில் யாரும் அதைத் தொட மாட்டார்களாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று. நீதான் கேட்டு வாங்கினாயாம்.

"கோகிலா மீட்டிங்ல சொன்னாம்மா. இந்தப் பக்கத்துக்கு வர்றவங்க பதட்டத்துல இருப்பாங்க, பேரன் போட்டோ போயிருச்சோன்னு கை நடுங்கும், அவங்ககிட்டப் போய் இங்கிலீஷ்ல மிரட்டலாமான்னு. எங்கம்மாவுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும், எங்கம்மாவ வெச்சு டெஸ்ட் பண்றேன்னு சொன்னா."

என்னைப் பற்றி அங்கே பேசியிருக்கிறாய். நல்லவிதமாகத்தான் பேசியிருக்கிறாய்.

எந்தப் படம் எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. கடைசி வாரத்தில் நீ பாதியை மாற்றிவிட்டாயாம். எல்லாம் உன் நோட்டில் இருக்கும், நோட்டு உன் மேசையில் இருக்கிறது, சாவி மேனேஜரிடம், மேனேஜர் பெங்களூரில்.

"வெள்ளிக்கிழமை வந்துருவாரும்மா. சனிக்கிழமை நான் நோட்டோட வர்றேன். குரலெல்லாம் எடுத்து உங்களுக்குக் காப்பி போட்டுத் தர்றேன். டெஸ்ட் போன்ல நாங்க அக்கவுண்ட் எதுவும் போட மாட்டோம், அதனால அது அந்தப் போனுக்குள்ள மட்டும்தான் இருக்கும். அதுவரைக்கும் தொடவே தொடாதீங்க."

"சரி" என்றேன்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள், பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை கம்பெனி அந்தப் போனைத் திருப்பி வாங்கிக்கொள்ளுமாம். பிள்ளை போனதற்கு ஒரு மாலை அனுப்பினார்கள். போனுக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

உன் மாமன் வந்தான். உன்னைப் பெண் கேட்ட பொள்ளாச்சி லேத் பட்டறைக்காரர் வீட்டில் ரொம்பவும் வருத்தப்பட்டார்களாம்.

"நல்ல மனுசங்கக்கா. அந்த ஞாயித்துக்கிழமை பாக்க வர்றதுக்கு எல்லாம் ரெடி பண்ணிட்டாங்க. குடுத்து வெக்கல." பிறகு, "இப்ப எம்மச்சினிச்சி பொண்ணத்தான் கேக்கறாங்க" என்றான்.

ஒரு மாசம்கூடப் பொறுக்காத நல்ல மனிதர்கள். இவர்களுக்காகத்தான் நான் பேசினேன்.

சாப்பிட்டுப் போகச் சொன்னேன். சாப்பிட்டான். இரண்டாவது முறையும் ரசம் கேட்டு வாங்கினான்.

ஜூலை 9, செவ்வாய்

முதலில் நீ குப்பைத்தொட்டிதான் வரைந்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்டல் அடுக்களையில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து போனை நீட்டினாய்.

"இது என்னம்மா?"

"தண்ணி டிரம்மு."

"மூடி பக்கத்துல கெடக்குதே?"

"தண்ணி மொள்ளறப்ப மூடிய எங்க வெக்கறது, தலையிலயா?"

பாத்திரம் தேய்க்கிற மரகதம் விழுந்து விழுந்து சிரித்தாள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாய். வீட்டுப் படத்தை மட்டும் இரண்டு பேரும் உடனே சொன்னோம். வீட்டுக்குப் போறது. போன் தன் வழக்கத்துக்குத் திரும்பிப் போவதற்கு அது. துடைப்பம் என்றால் தூசி மட்டும் போகும், சாமான் போகாது. இவ்வளவும் நான் பார்த்துச் சொன்னவை.

பானையைப் பற்றி எனக்குத் தெரியாது. அதை நீ கடைசியில் வரைந்தாய்.

ஜூலை 10, புதன்

மரகதம் வரவில்லை. எழுபத்திரண்டு தட்டும் நானே.

ஜூலை 11, வியாழன்

நீ சொன்னபடி எழுதுகிறேன்.

மத்தியானச் சமையல் முடிந்து மூன்று மணி. பாத்திரமெல்லாம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்து, மூட்டைமேல் உட்கார்ந்தேன். போன் இடுப்புப் பையில் இருந்தது. படத்தை மட்டும் ஒரு தரம் பார்க்கலாம் என்றிருந்தது. அமுக்குவதற்கு இல்லை. நீ வரைந்ததைப் பார்க்கத்தான். ஓரத்துப் பட்டனை அழுத்தினேன்.

பார்த்தது: வெள்ளைப் பக்கம். மேலே வீடு, அதன் கீழே துடைப்பம், அதன் கீழே பானை. வீட்டு நிலையை எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாய், மாவிலைகூட இருக்கிறது. ஓரத்தில் பேட்டரி சிவப்பாக மினுக்கியது.

பார்த்தவுடன் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. நின்றுபோனால் எல்லாம் போய்விடும். வீட்டை அமுக்கினால் போன் ஓட ஆரம்பித்து நடுவில் நின்றுவிடும். எப்படி அணைப்பது? அவர் பின்னால் உருவினார், எனக்கு அது தெரியாது. ஃபர்ஹானாவுக்கு என் பட்டன் போனில் அடித்தேன், எடுக்கவில்லை. சிவப்பு இன்னும் சின்னதாயிற்று.

அப்போது எதிரே மேடையைப் பார்த்தேன். சோற்றுப் பானை, குழம்புப் பானை, பால் பானை மூன்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். உன் படத்திலும் பானை கவிழ்ந்திருந்தது. வேலை முடிந்தது, அடுக்களை மூடியாயிற்று, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்கிற கடைசி வேலை அதுதான். இதுதான் அணைப்பது என்று நினைத்தேன். அம்மா செய்வதைப் பார்த்து வரைந்திருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது.

அமுக்கியது: சத்தம் குறைக்கிற பட்டன் இரண்டு தரம், பானைமேல் வந்து நின்றது. பிறகு ஓரத்துப் பட்டன்.

இன்னொரு பக்கம் வந்தது. ஒரு கை. உள்ளங்கை என்னைப் பார்த்து நின்றது. சுண்டுவிரல் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருந்தது. உன் கை. உன் கையைப் பார்த்தே வரைந்திருக்கிறாய். நில் என்று சொல்கிற கை அது, எனக்கு அது புரிந்தது பொடிசு. புரியவில்லை என்று எழுத மாட்டேன். கைக்குக் கீழே மறுபடி பானை. சிவப்பு மினுக்கிக்கொண்டே இருந்தது.

உன் கை என்றைக்கு என்னை நிறுத்தியிருக்கிறது. பானைக்குப் போய் அமுக்கினேன்.

ஆனது: ஒரு கோடு இடமிருந்து வலம் ஓடியது. போன் அணைந்து, தானே எரிந்தது. வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்றது. புதுப் போன்.

ஜூலை 12, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. நாளைக்கு இட்லிக்கு அரிசி ஊறப் போட்டேன்.

ஜூலை 13, சனி

ஃபர்ஹானா சொன்னபடி நோட்டுடன் வந்தாள். போனைக் கையில் வாங்கியதும் முகம் மாறியது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்படியே விட்டிருந்தா சார்ஜ் தீர்ந்து தானா அணைஞ்சிருக்கும்மா. ஒண்ணும் ஆயிருக்காது. ஏதாச்சும் ஓடிட்டு இருக்கறப்ப நின்னாத்தான் ஆபத்து. அதத்தான் அந்தக் கடைக்காரர் சொல்லியிருப்பாரு."

அழிந்ததை எப்படியாவது சுரண்டி எடுக்க முடியுமா என்று கேட்டேன். பூட்டியிருந்தால் சாவி போட்டுச் சாமானை எடுக்கலாம், இதில் சாவியையும் சேர்த்து அழித்துவிடும் என்றாள். அழிப்பதை மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அவள் நோட்டைப் பிரித்தாள். எல்லாப் பக்கத்திலும் இடது பக்கம் படம், வலது பக்கம் நான் சொன்னது. தண்ணி டிரம்மு இருந்தது. தலையிலயா என்று கேட்டதும் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறாய்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பப் போனாள். எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது, நீ வைத்துவிட்டுப் போ என்று சொன்னேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைக்கு எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்.

நீ சார்ஜர் எடுக்கப் போகவில்லை.

அன்றைக்கு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாய். நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்காக அப்பளம் பொரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "அம்மா, குப்பைத்தொட்டிய எடுத்துட்டேன். உனக்காகவே ஒண்ணு வரைஞ்சிருக்கேன், இதப் பாரு" என்று போனை நீட்டினாய். திரும்பவில்லை.

"புரியுது."

"பாக்காமயே எப்படிம்மா புரியும்?"

"புரியுது, புரியுது. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு அனுப்ப மாட்டாங்களாம், மாமன் சொன்னான். நீ சரின்னு சொல்லிரு."

நீ முடியாது என்றாய். நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். பொம்மை வரைவதெல்லாம் ஒரு வேலையா என்றேன். இந்தப் படமா உனக்கு நாளைக்குச் சோறு போடும் என்றேன். நீ கையை உயர்த்தி, "போதும்மா" என்றாய். உள்ளங்கை என்னைப் பார்த்து நின்றது. நான் நிறுத்தவில்லை. உன் அப்பன் நம்மை விட்டு ஓடினதுக்கும் இந்தத் திமிர்தான் காரணம் என்று முடித்தேன். அந்தச் சொல்லை நீ பொறுக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

பையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தாய்.

ஆறு நாற்பதுக்கு என் போன் அடித்தது. பொடிசு என்று வந்தது. அது முழுவதும் அடித்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு கவிழ்த்து வைத்துவிட்டு அப்பளத்தைத் திருப்பினேன். கொஞ்சம் பதறட்டும் என்று நினைத்தேன்.

ஏழு பத்துக்கு வேறு நம்பர் அடித்தது. அதை எடுத்தேன்.

ஜூலை 15, திங்கள்

போனை வாங்க ஆள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வார்டனிடம் சொல்லிவிட்டு நானே உன் ஆபீசுக்குப் போனேன். ஏசியில் நடுங்கினேன். மேனேஜர் நல்ல மரியாதையாக எழுந்து நின்றார்.

"கோகிலவாணி பண்ண டிசைனையே புது மாடல்ல விடறோம்மா. ஒரு கோடு மாத்தல. அவங்களுக்கு நாங்க செய்யற மரியாதை."

"பானைய மாத்திருங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் பார்த்தது, அமுக்கியது, ஆனது மூன்றையும் சொன்னேன். ஃபர்ஹானா ஓரமாக நின்று எழுதிக்கொண்டாள். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடி என் பக்கம் திருப்பினார்.

"எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாஸானதுதாங்க. இதோ பாருங்க."

வரிசையாகப் பெயர்கள். நாலாவதாக நான் இருந்தேன். துளசிமணி, வயது 49, சமையல். பானைக்கு நேராக, புரிந்தது.

"அது பொய்ங்க."

"யாரு பொய் சொன்னாங்க?"

"நான்தானுங்க. படத்தப் பாக்காமயே சொன்னேன்."

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

அந்த அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாம் உன் வயது. இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாற்பதாயிரம் போன் பெட்டிக்குள் போய்விட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்ததில் பார்ப்போம் என்றார். பிறகு போனை வாங்கி, ஒரு தாளில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

நாற்பதாயிரம் பேர். அதில் எத்தனை பேர் அடுக்களையில் பானை கவிழ்க்கிறவர்களோ.

ஜூலை 17, புதன்

ஃபர்ஹானா சாயங்காலம் ஆஸ்டலுக்கு வந்தாள். தானே ஒன்று வரைந்து கொண்டுவந்திருந்தாள். பானை சாய்ந்து கிடக்கிறது, வாயிலிருந்து சோறு தரையில் கொட்டுகிறது. மரகதத்திடம் காட்டினாள்.

"அய்யோ, சோறு போச்சே. யாரு இந்த வேலைய பண்ணுனது?" என்றாள் மரகதம்.

ஃபர்ஹானா சிரித்துக்கொண்டே எழுதினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இந்தப் படத்தை நான் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். புரிகிறது. எனக்குப் பிரயோஜனம் இல்லை.

ஜூலை 18, வியாழன்

உன் நோட்டின் கடைசிப் பக்கத்தை இன்றைக்குப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரம் ஆயிற்று. ஜூன் 13 என்று போட்டிருக்கிறது. வீட்டில் எழுதியது இல்லை, எழுத்து ஆடியிருக்கிறது, எங்கேயோ வண்டியை நிறுத்தி முழங்கால்மேல் வைத்து எழுதியிருக்கிறாய். நேராக ஆபீசுக்குப் போய் நோட்டை மேசையில் பூட்டிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாய்.

கவிழ்ந்த பானை, உள்ளே இருப்பது எல்லாம் கொட்டிவிடும். அம்மா 'புரியுது' என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கோபம். லிஸ்ட்டில் புரிந்தது என்று போட்டிருக்கிறேன், அது சரியில்லை. அம்மா கழுவிய பானையையும் இப்படித்தானே கவிழ்த்து வைப்பாள்? தப்பாக எடுத்துக்கொள்வாளோ. மறுபடி கேட்க வேண்டும்.

அவ்வளவுதான் இருக்கிறது. நான் பேசியதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பனைப் பற்றிச் சொன்னது இல்லை. எழுத மனசு வரவில்லையா, எழுதுகிற அளவுக்கு அது உனக்குப் பெரிதாகப் படவில்லையா, தெரியவில்லை.

இன்றைக்கு மூன்று மணிக்குப் பானைகளைக் கழுவி நிமிர்த்தியே வைத்தேன். தண்ணீர் உள்ளே தேங்கும், கறை ஏறும் என்று மரகதம் சண்டைக்கு வந்தாள். ஏறட்டும் என்றேன்.

பொடிசு, மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாயே. ஆறு நாற்பதுக்கு நீ அடித்தது அந்தப் பானையைக் கேட்கத்தானா?